முனகல்

சாயங்கால வெயில் ஸ்பீக்கரின் வலைமேல் விழுந்து கிடக்கிறது. பியானோ ஓடிக்கொண்டிருக்கிறது. மாமனார் மூக்குக்கண்ணாடியைக் கழற்றி மடியில் வைத்துக்கொண்டு கேட்கிறார். இளவயதிலிருந்து அவர் கேட்டுத் தேய்த்த ஜாஸ் இசைத்தட்டு அது. பியானோக்காரர் ஒருவர் சின்ன மதுவிடுதி ஒன்றில், குடிப்பவர்களுக்கு நடுவே வாசித்தபோது பதிவு செய்தது. அதைத்தான் மாப்பிள்ளை கம்ப்யூட்டரில் ஏற்றிப் பிறந்தநாள் பரிசாகக் கொண்டுவந்திருக்கிறார். "சுத்தமா தொடச்சி எடுத்துட்டேன் மாமா. கிளாஸ் சத்தம், இருமல், எதுவும் இல்ல. அந்த ஆளு வாசிக்கும்போது பல்வலிக்காரன் மாதிரி முனகிட்டே இருப்பாரே, அதையும் எடுத்தாச்சு." மாமனாருக்கு உச்சந்தலைக்குச் சுர்ரென்று ஏறுகிறது. முனகலையா? விரலுக்கு எட்டாத சுரத்தை அந்த மனுஷன் தொண்டையால் துரத்திக்கொண்டு ஓடுவாரே, அதையா? உயிரை உருவிவிட்டுப் பிணத்தைக் குளிப்பாட்டிக் கொண்டுவந்து வைத்திருக்கிறான், படுபாவி! பெற்ற பிள்ளையாக இருந்தால் நாக்கைப் பிடுங்கிக்கொள்கிற மாதிரி நாலு வார்த்தை கேட்டிருப்பார். மாப்பிள்ளையாயிற்றே. கதவோரம் நிற்கும் மகள் வேறு கண்ணாலேயே கெஞ்சுகிறாள். "நல்லாருக்கு மாப்பிள்ளை" என்கிறார், பல்லைக் கடித்துக்கொண்டு. கை நாற்காலியின் பிடியை நெரிக்கிறது. பியானோ படிப்படியாக மேலேறி, முனகல் வரவேண்டிய இடத்துக்கு வந்து, படியே இல்லாத இடத்தில் கால் வைக்கிறது. சரியாக அந்த இடத்தில், மாமனாரின் தொண்டையிலிருந்து அது கிளம்புகிறது. கரகரப்பாக, சுருதி விலகி, அடக்கி அடக்கி வைத்த ஆத்திரமெல்லாம் சேர்ந்து. மாப்பிள்ளை நெற்றியைச் சுருக்கிக்கொண்டு எழுந்துபோய் ஸ்பீக்கரில் காதை வைக்கிறார். "இன்னும் கொஞ்சம் ஒட்டிட்டிருக்கு மாமா. அதையும் எடுத்துடலாம்."