தெருமுக்கில் அணையும் எஞ்சின்

தேவசகாயம் இறந்த ஏழாவது மாதம், அவருடைய காரை மகள் பெனிட்டா எடுத்துக்கொள்வதென்று முடிவாயிற்று. அவள் வீட்டு முற்றத்திலேயே பானட்டைத் திறந்து, போனை எஞ்சின் அருகே வைத்துப் பரிசோதித்தாள். ஓட்டுகிறவரின் பழக்கங்களை எல்லாம் கற்றுக்கொள்ளும் எஞ்சின் அது.

“எல்லாம் நல்லாத்தான் இருக்கும்மா. ஒரே ஒரு கோளாறு. பகல்ல நம்ம தெருமுக்கு திரும்பினதும் தானா அணைஞ்சிருது. சரிவுல உருண்டே வீட்டுக்கு வருது. அப்பாகிட்ட படிச்ச பழக்கமாம். இத அழிச்சாத்தான் ஆர்டிஓ ஆபீஸ்ல வண்டிக்குத் தகுதிச் சான்று தருவாங்களாம்.”

அம்மா எஸ்தர் திறந்த பானட்டுக்குள் எட்டிப் பார்த்தாள். முப்பது வருடம் ஆஸ்பத்திரியில் இரவுப் பணி பார்த்துவிட்டுப் பகலில் தூங்கியவள் அவள். கண் விழித்தால் கணவர் பக்கத்தில் பேப்பர் படித்துக்கொண்டிருப்பார். “கள்ளன் மாதிரி எப்பம் வந்தீரு?” என்று ஏசுவாள். அவர் சிரிப்பதோடு சரி.

“அழிச்சிரட்டாம்மா?”

“அழி. அதுக்கு முன்னாடி ஒரு தடவ கடைத்தெரு வரைக்கும் போயிட்டு வா, மக்களே.”

எஸ்தர் உள்ளே போய், ஜன்னலோரக் கட்டிலில் கண்ணை மூடிப் படுத்து, வண்டிச் சத்தத்துக்குக் காதைத் தீட்டிக்கொண்டாள்.

சற்று நேரத்தில் ஜன்னலுக்கு வெளியே பெனிட்டாவின் குரல் கேட்டது. “அம்மா, வந்தாச்சு. சத்தம் கேட்டுதா?”

“இல்ல மக்களே,” என்றாள் எஸ்தர், கண்ணைத் திறக்காமல். “ஒண்ணுமே கேக்கல்ல.”