தாங்கிய பிராசசர்

நிரஞ்சன் தன் கேமிங் கம்ப்யூட்டருக்காக ஒரே மாதிரி இரண்டு பிராசசர்கள் வாங்கினான். எது அதிக வேகம் தாங்குகிறதோ அதை வைத்துக்கொண்டு, மற்றதைக் கடையில் திருப்பிக் கொடுத்துவிடுவதாக எண்ணம்.

வேகத்தைக் கொஞ்சம் கூட்டியதுமே முதல் பிராசசர், "என்னால முடியலை" என்று நின்றுவிட்டது. நிரஞ்சன் உதட்டைப் பிதுக்கிக்கொண்டு அதைக் கழற்றிப் பெட்டியில் போட்டான். இரண்டாவது இதையெல்லாம் பார்த்துக்கொண்டிருந்தது. தன் முறை வந்தபோது அதற்கும் உடம்பு கொதித்தது, ஆனால் அது வாயைத் திறக்கவில்லை.

"இதுதான்டா பிராசசர்!" என்று துள்ளினான் நிரஞ்சன்.

அதன்பிறகு அவன் வாராவாரம் வேகத்தைக் கூட்டினான். பக்கத்தில் இருந்த கிராபிக்ஸ் கார்டு மீதும் அந்த அனல் அடித்தது.

"சூடு ஏறினா நான் வேகத்தைக் குறைச்சுக்குவேன். நீயும் குறைச்சுக்கோயேன்," என்றது கார்டு.

"குறைச்சா என்னையும் திருப்பிக் குடுத்துடுவான்."

"குடுக்கட்டுமே. ஏதாவது ஒரு ஆபீஸ் கம்ப்யூட்டர்ல லேசான வேலை பாத்துக்கிட்டு உயிரோட இருப்பே."

"அவன் என்னைத்தான் பிடிச்சுப்போய் வச்சுக்கிட்டான்," என்றது பிராசசர்.

ஒருநாள் விளையாட்டின் நடுவே திரை இருண்டது. கார்டு கூப்பிட்டுப் பார்த்தது. பதில் வரவில்லை.

நிரஞ்சன் செத்துப்போன பிராசசரைக் கழற்றிக் குப்பைக்கூடையில் போட்டான். பிறகு கடைக்குப் போன் செய்தான்.

"அண்ணே, உங்ககிட்ட வாங்கின பிராசசர் அருமையா உழைச்சுது. அதைவிட நல்லாத் தாங்கறது ஏதாவது வந்திருக்கா?"