புள்ளிகளில் ஒரு முகம்

முதல் பனியனிலிருந்து அச்சுச் சட்டத்தைத் தூக்கியபோது மாசிலாமணிக்குக் கண்கள் இல்லை. இரண்டு கறுப்புக் குழிகள் இருந்தன.

எதிரே பச்சையம்மா நின்றிருந்தாள். அவளுடைய புருஷன்தான் அது.

பத்தொன்பது நாளுக்கு முன் கடலுக்குப் போன அவன் கட்டுமரம் திரும்பவில்லை. தெற்குக் காற்றில் ஆந்திரா பக்கம் ஒதுங்கியிருப்பான் என்று கோட்டைக்குப்பத்தில் பேசிக்கொண்டார்கள். இன்று மத்தியானம் அவன் தம்பி துளசிங்கமும் இன்னும் நான்கு பேரும் படகில் கிளம்புகிறார்கள். கரை கரையாக இறங்கி விசாரிக்க வேண்டும்.

இருப்பது ஒரே ஒரு போட்டோ. உப்புத் தண்ணீர் பட்டால் அதுவும் போய்விடும். பனியனில் அடித்து மாட்டிக்கொண்டால் நனைந்தாலும் முகம் இருக்கும், கரையில் நிற்கிற எல்லாரும் பார்ப்பார்கள் என்பது துளசிங்கத்தின் யோசனை.

நல்ல யோசனைதான். என்னிடம் வந்ததுதான் தப்பு.

நான் துணியில் எழுத்து அச்சடிக்கிறவன். கல்யாணப் பை, கபடி பனியனுக்கு நம்பர். எழுத்தில் மை இருக்கும், அல்லது இருக்காது. முகம் அப்படி இல்லை. கன்னம் சாம்பல், கழுத்து அதைவிடக் கொஞ்சம் இருட்டு. ஒரே கறுப்பு மையை வைத்துக்கொண்டு புள்ளிகளால்தான் கண்ணை ஏமாற்ற வேண்டும். வெளிச்சத்துக்குச் சின்னப் புள்ளி, இருட்டுக்குப் பெரிய புள்ளி.

போட்டோவை மெட்ராஸில் கொடுத்து, முகத்தைப் புள்ளிகளாக மாற்றிய பிலிம் எடுத்து வந்தேன். அது சுத்தமாக இருந்தது. தாடையில் தூண்டில் முள் கிழித்த தழும்புகூடத் தெரிந்தது.

ஆனால் சட்டத்தில் நான் கட்டியிருந்தது எழுத்துக்கான முரட்டுத் துணி. சின்னப் புள்ளிகள் அதன் இழைகளுக்குள் அடைத்துக்கொண்டன. பிலிமில் உள்ள உருவத்தைப் பிடிக்க அந்தத் துணியில் பூசும் மருந்து, ஏரிக் காற்றின் ஈரத்தில் சரியாகக் காயவில்லை. கழுவும்போது பெரிய புள்ளிகளுக்கு நடுவில் இருந்த மருந்து கரைந்து ஓடியது; மருந்து போன இடமெல்லாம் மை இறங்கிவிட்டது.

கன்னம் வெறும் வெள்ளை. கண், மீசை, முடி எல்லாம் ஒரே கறுப்பு. தழும்பு இல்லை.

திரும்பச் செய்ய இரண்டு நாள் ஆகும். அதுவரை படகு போக இந்தக் காற்று இருக்காது.

"தூரமா நின்னா தெரியுமா பாய்?" என்று பச்சையம்மா கேட்டாள்.

"கொஞ்சம் தெரியும்மா."

அவள் வாசலுக்குப் போனாள். தெருவில் இறங்கினாள். எதிர்ச் சுவரில் முதுகு முட்டும்வரை பின்னால் போய் நின்று பார்த்தாள்.

"மீசை வச்ச ஆளுன்னு தெரியுது" என்றாள்.

ஐந்தையும் அடித்தேன். வேறென்ன செய்ய. தெருவில் கயிறு கட்டிக் காயப் போட்டேன்.

டீக்கடைக்காரர் எட்டிப் பார்த்து, "இன்னா பாய், எந்தக் கட்சி வேட்பாளரு இவரு?" என்றார். சுவரோரம் பச்சையம்மா நிற்பதைப் பார்த்ததும் உள்ளே போய்விட்டார்.

மீன் கூடையோடு போய்க்கொண்டிருந்த ஒருத்தி கயிற்றின் முன் நின்றாள். சுண்ணாம்புக்குளத்து மார்கரெட். அவள் புருஷன் கடலுக்குப் போய் மூன்று வருஷம். உடல் ஒதுங்கவில்லை.

அவள் கிட்டே போனாள். சிலுவை போட்டுக்கொண்டாள். பனியனில் இருந்த மீசையைத் தொட்டாள். ஈர மை விரலில் ஒட்டியது.

"எங்க ஊட்டுக்காரரு எங்க இருக்காராம்?" என்றாள். "இந்தப் போட்டோவ யாரு எடுத்தாங்க?"

நான் பச்சையம்மாவைப் பார்த்தேன். இது என் வீட்டுக்காரர் என்று அவள்தான் சொல்ல வேண்டும். அவள் பனியனைப் பார்த்தாள். மார்கரெட்டைப் பார்த்தாள். மறுபடியும் பனியனைப் பார்த்தாள்.

"தெரியலக்கா" என்றாள். "தேடத்தான் போறாங்க."

மார்கரெட் கூடையை இறக்கி வைத்துவிட்டு அவள் பக்கத்தில் போய் நின்றுகொண்டாள். மை காய இன்னும் அரை மணி நேரம் ஆகும்.