இடத்தை அடைத்த தூக்கு

அந்த வீட்டு ஃப்ரிட்ஜ் இரண்டு நாளாகக் குளிரவில்லை. சாயங்காலத்துக்குள் சரியாகவில்லை என்றால் தள்ளிவிட்டு வேறு வாங்குவதாகப் பேச்சு.

உள்ளே இருந்த தோசை மாவு ஃப்ரிட்ஜிடம் கேட்டது: "அண்ணே, எனக்குப் புளிப்பு ஏறுது. உங்க உடம்புக்கு என்ன?"

"வயசாயிடுச்சு தம்பி."

"வயசாவது! குளிர்காத்து வர்ற துளையை அடைச்சுக்கிட்டு புளிக்காய்ச்சல் தூக்கு உட்கார்ந்திருக்கே, தெரியலையா?"

"மெதுவாப் பேசு, தெரியும். முந்தாநாள் விருந்துக்கு வந்த பாத்திரமெல்லாம் முன்னால இடம் பிடிச்சுது. பாவம், அவ ஒதுங்கி ஒதுங்கி அங்க போயிட்டா. தள்ளிக்கோம்மான்னு எப்படிச் சொல்றது?"

பின்னாலிருந்து புளிக்காய்ச்சல் சொன்னது: "சொல்லியிருக்கலாமே அண்ணே! ரெண்டு நாளா முதுகு விறைச்சுப் போச்சு. நீங்க மனசு நோவீங்களேன்னு நானும் வாயைத் திறக்கலை."

"ஐயோ, அப்படியா? உனக்குச் சிரமம் இல்லைன்னா..."

"எனக்கென்ன சிரமம், உங்களுக்குத்தான்..."

மாவுக்குப் பொறுக்கவில்லை. மூச்சை இழுத்துப் பிடித்து, மூடியைத் தள்ளிக்கொண்டு தட்டெல்லாம் வழிந்தது.

வீட்டம்மா திட்டிக்கொண்டே எல்லாவற்றையும் வெளியே எடுத்துத் துடைத்தாள். திரும்ப வைக்கும்போது தூக்கு முன்வரிசைக்கு வந்தது.

சாயங்காலம் ஃப்ரிட்ஜ் ஜில்லென்று இருந்தது. வசவெல்லாம் மாவுக்குத்தான்.