மூக்கு தேய்ந்த டிராகன்

வீடியோ கேமோடு வரும் சின்னப் பீடத்தில் வைத்தால் டிவிக்குள் உயிர் வரும் பொம்மைகள் அவை. ஒவ்வொன்றும் எண்ணூறு ரூபாய். பிளாஸ்டிக்குக்கு இந்த விலையா, பகல்கொள்ளை என்று திட்டிக்கொண்டேதான் சவரிமுத்து மகளுக்குப் பத்தொன்பது வாங்கிக்கொடுத்திருந்தார். கல்யாணமாகிப் போனவள், எல்லாவற்றையும் விற்றுவிடச் சொல்லிவிட்டாள். பழைய பொம்மை சேகரிக்கிறவன் ஒருவன் வந்து ஒவ்வொன்றாகப் பீடத்தில் வைத்துப் பார்த்தான். ஏமாற்றிவிடுவானோ என்று அவர் அவன் கையையே முறைத்துக்கொண்டிருந்தார். கடைசியாக, மூக்கு தேய்ந்த டிராகன் திரையில் எழும்பிப் பறந்தது. அதன் தலைக்கு மேல் இங்கிலீஷில் ஏதோ எழுத்து.

“என்னப்பா போட்டிருக்கு?”

“உங்க பொண்ணு இதுக்கு வெச்ச பேருங்கய்யா. சவரிமுத்துவாம். பொம்மைக்குள்ளயே பதிஞ்சிருக்கு, அழிச்சிடலாம்.”

அவர் டிராகனை எடுத்துச் சட்டைப்பையில் போட்டுக்கொண்டார்.

“இது ஓடாது தம்பி.”

“இப்பத்தானேய்யா பறந்துச்சு?”

“இனிமே பறக்காது. மத்ததை எடுத்துக்க.”

பொம்மையைத் திரும்ப வைக்கச் சொல்லித் திரை கேட்டுக்கொண்டே இருந்தது.