நான்காவது அழைப்பு

“மூணு தடவை கூப்பிட்டாச்சு மேடம். மணி நாலு. அடுத்த ஆளைக் கூப்பிடலாமா?”

உதவியாளன் கேட்டது நியாயமான கேள்விதான். மருத்துவக் கல்லூரியின் சேர்க்கைப் பிரிவில் அன்று கடைசி நாள். இடம் கிடைத்திருந்த ஒரு மாணவன் வேறு கல்லூரியில் சேர்வதாகச் சொல்லி மதியம்தான் விலகியிருந்தான். காத்திருப்போர் பட்டியலில் முதலில் இருப்பவர் ஐந்து மணிக்குள் முன்பணம் கட்டினால் அந்த இடம் அவருக்கு. மூன்று முறை அழைத்தும் எடுக்காவிட்டால் இரண்டாவது ஆளைக் கூப்பிடலாம். ஐந்து மணிவரை யாருமே கட்டாவிட்டால் இந்த ஆண்டு அந்த இடம் யாருக்கும் இல்லை.

பட்டியலில் பெயர்கள் கிடையாது. வரிசை எண், விண்ணப்ப எண், தொலைபேசி எண். அவ்வளவே.

“இன்னொரு தடவை கூப்பிட்டுப் பார்க்கறேன்” என்றார் மேடம்.

உதவியாளனால் தன் காதையே நம்ப முடியவில்லை. அலுவலகத்தில் அந்த அம்மாளுக்குக் கடிகாரம் என்று பெயர். போன வருடம், ஐந்து மணி இரண்டு நிமிடத்துக்கு மூச்சிரைக்க ஓடிவந்த ஒரு தகப்பனாரிடம், “நாளைக்கு வந்தாலும் இதே பதில்தான்” என்று ஜன்னலைச் சாத்தியவர். அப்பேர்ப்பட்டவர், விதியில் இல்லாத நான்காவது அழைப்புக்கு எண்களை அழுத்திக்கொண்டிருந்தார்.

யாரும் எடுக்கவில்லை. ஐந்தாவது. ஆறாவது.

“யாரு மேடம் அந்த ஒண்ணாம் நம்பர்? உங்க சொந்தமா?”

“அந்தப் பிள்ளை மூஞ்சிகூட எனக்குத் தெரியாது.”

“மூஞ்சி தெரியாத பிள்ளைக்கா இத்தனை பாடு?”

மேடம் விண்ணப்பக் கோப்பை எடுத்து வேறு எண் ஏதாவது இருக்கிறதா என்று தேடத் தொடங்கினார்.

உதவியாளன் நேரே பதிவாளரின் அறைக்குப் போனான். நடந்ததைச் சொன்னான். பதிவாளர் கையெழுத்துப் போடுவதை நிறுத்தவில்லை.

“மூணு தடவையாவது கூப்பிடணும்னுதானே விதி? நாலாவது தடவை கூப்பிட்டா குத்தம்னு எங்கயாவது இருக்கா?”

“இல்ல சார். ஆனா…”

“காலையிலேயே அந்தம்மா என்கிட்ட ஒரு விஷயத்தைச் சொல்லிட்டுத்தான் நாற்காலியில உட்கார்ந்தாங்க. போய்யா, போய் வேலையைப் பாரு.”

ஆக, மேலிடம்வரை பேசி முடித்த காரியம்! உதவியாளனுக்கு உள்ளங்காலிலிருந்து உச்சந்தலைவரை எரிந்தது.

திரும்பி வந்தபோது மணி நான்கு இருபத்தைந்து. மேடம் ஒன்றாம் எண் பெண்ணின் சித்தியைத் தேடிப் பிடித்துவிட்டிருந்தார்.

“சலவைக் கடையிலயா வேலை பார்க்குது? போனை வெளியில வச்சுட்டுத்தான் உள்ள போகணுமா? சரிம்மா, கடை பேரைச் சொல்லுங்க.”

அவர் போனை வைத்ததும் உதவியாளன் பொரிந்து தள்ளினான்.

“ரெண்டாம் நம்பரும் ஒரு வீட்டுப் பிள்ளைதானே மேடம்? அதுவும் காலையிலேர்ந்து போனைக் கையில பிடிச்சுக்கிட்டு உட்கார்ந்திருக்கும். அஞ்சு மணி தாண்டினா ரெண்டு பேருக்கும் இல்லாமப் போயிடும். அந்தப் பிள்ளையைப் பெத்தவ வயித்தெரிச்சல் உங்களைச் சும்மா விடுமா?”

“விடாதுதான்” என்றார் மேடம், கடையின் எண்ணைத் தேடியபடி. “நாலே முக்கால்வரை பார்க்கறேன். அதுக்குள்ள இவ கிடைக்கலேன்னா நீயே ரெண்டாம் நம்பரைக் கூப்பிடு. நான் குறுக்கே வரமாட்டேன்.”

உதவியாளன் சுவர்க் கடிகாரத்தையே பார்த்துக்கொண்டு நின்றான். நான்கு முப்பத்தெட்டுக்குக் கடை முதலாளி எடுத்தார்.

“வேலை நேரத்துல கூப்பிட முடியாதா? சரி, நீங்களே போய் அவகிட்ட ஒரு வார்த்தை கேளுங்க. டாக்டருக்குப் படிக்கக் கூப்பிடறாங்க, வரியா, இல்ல துணி துவைக்கறியான்னு” என்றார் மேடம்.

அந்தப் பக்கம் இயந்திரங்களின் இரைச்சல் ஒவ்வொன்றாக அடங்கியது. பிறகு ஒரு பெண்ணின் விசும்பல் கேட்டது.

“அழறதையெல்லாம் அஞ்சு மணிக்கு மேல வச்சுக்கோ. முன்பணம் இருக்கா?”

“இருக்கு மேடம். தனியாப் போட்டு வச்சிருக்கேன். தொடவே இல்ல.”

“இப்பத் தொடு. ஈரக் கையைத் துடைச்சுட்டு உன் போனை எடு. நான் சொல்லச் சொல்ல அழுத்து. அவசரப்படாதே, நான் இருக்கேன்.”

நான்கு ஐம்பத்து மூன்றுக்குப் பணம் வந்து சேர்ந்ததைத் திரை காட்டியது. மறுமுனையில் யாரோ கைதட்டினார்கள். முதலாளியாகத்தான் இருக்க வேண்டும். உதவியாளனுக்கே கண்ணோரம் லேசாகக் கரித்தது; கோபத்தில் இருப்பவன் அதை ஒப்புக்கொள்வானா?

“நல்லது மேடம். உங்க காரியம் முடிஞ்சது. ரெண்டாம் நம்பருக்கு இடம் இல்லைன்னு சொல்ற பாவத்தை மட்டும் என் தலையில கட்டுங்க” என்று போனை எடுத்தான்.

“அது இடிஞ்சுபோய் உட்கார்ந்துடாது. வேற காலேஜ்ல முன்பணம் கட்டி இடம் வச்சிருக்கு. தூரம்தான், முழுசா ஒரு நாள் ரயில்ல போகணும். ஆனா நல்லாப் படிக்கும். கெட்டிக்காரி.”

“பட்டியல்ல பேரே கிடையாது. இத்தனை விவரம் உங்களுக்கு எப்படித் தெரியும்?”

மேடம் கைப்பையைத் தோளில் மாட்டிக்கொண்டார்.

“போனை வைப்பா. வீட்டுக்குப் போய் நானே அவகிட்ட சொல்லிக்கறேன்.”