இடிநங்கை இளைக்க வேண்டும்

காலையில் ஜூட் எழுந்து, பால் காய்ச்சி, காபி குடித்து, டம்ளரைக் கழுவிவிட்டு வரைய உட்கார்ந்தான். காவிரிப் பாலத்தில் தொங்கும் டவுன் பஸ்ஸை ஒற்றைக் கையால் இழுத்து நிறுத்தும் குண்டுப் பெண் இடிநங்கைதான் அவனுடைய படக்கதையின் நாயகி.

பத்திரிகை ஆசிரியர் இளவரசன் போனில் கூப்பிட்டார்.

"தம்பி, இடிநங்கையைக் கொஞ்சம் இளைக்க வைங்க. இல்லன்னா தொடரை நிறுத்தச் சொல்லிட்டாரு முதலாளி."

இந்தத் தொடரும் போய்விட்டால் ஜூட்டுக்கென்று வேறு எதுவும் இல்லை.

"முடியாது சார்."

"உங்க வீட்டம்மா பிரான்சியைப் பார்த்துத்தானே வரையறீங்க?"

"ஆமா சார்."

"கோவிச்சுக்காதீங்க, அவங்களையும் கொஞ்சம் இளைக்கச் சொல்லுங்களேன்!" ஆசிரியர் சிரித்தார்.

"இளைச்சுட்டா சார். கையில வளையல்கூட நிக்கல."

"அட! எந்த ஜிம்?"

"ஜிம் இல்ல சார், கேன்சர். போன மாசம் அடக்கம் பண்ணினோம்."

அவன் பென்சிலைக் கையில் எடுத்தான்.

"தொடரை நிறுத்தினாலும் சரி, குண்டாத்தான் வரைவேன்" என்றான் ஜூட்.

ஆஸ்பத்திரிக் கட்டிலில் இடிநங்கையின் படத்தைத் தடவிக்கொண்டே பிரான்சி கடைசியாகச் சொன்னது இதுதான்:

"இவளையாவது இளைக்க விட்டுடாதீங்க."